முதல் மனை வாங்கப் போகிறீர்களா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

ஞாயிற்றுக்கிழமை காலையில் மனை காட்டக் கூட்டிப்போக வேன் வரும். பயணம் இலவசம், மதியச் சாப்பாடு இலவசம், அன்றைக்கே அட்வான்ஸ் கொடுத்தால் ஒரு கிராம் தங்கக் காசு. எங்கள் தெருவிலிருந்து இப்படிப் போன மூன்று குடும்பங்களில் இரண்டு, மாலை திரும்பும்போது ஐம்பதாயிரம் கொடுத்துவிட்டு வந்தன. பத்திரத்தை யாருமே பார்த்திருக்கவில்லை. ஒரு வீட்டுக்கு அந்தப் பணம் இன்னும் முழுதாகக் கைக்கு வரவில்லை. ஏழு வருடம் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம். "நாலு பேருக்குப் பயன்படுற மாதிரி எழுதேன்" என்று அந்த வீட்டு அக்கா சொன்னதால் இதை எழுதுகிறேன். எல்லாம் தமிழ்நாட்டில் முதன்முதலாக மனை வாங்குபவர்களுக்கானது. குறைந்தது ஒரு மாதம் எடுத்துக்கொண்டு செய்யுங்கள். "இன்றைக்கே முடிக்காவிட்டால் வேறு பார்ட்டி ரெடி" என்று யாராவது சொன்னால், அந்த வேறு பார்ட்டிக்கே போகட்டும் என்று விட்டுவிடுங்கள்.

1. எதற்காக வாங்குகிறீர்கள் என்று வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். வீடு கட்டவா, பத்து வருடம் கழித்து விற்கவா, மாதாமாதம் வாடகை வரவா? காலி மனை மாதம் ஒரு ரூபாய்கூடத் தராது. அவசரத்துக்கு விற்கவும் முடியாது. நல்ல இடமாக இருந்தாலும் வாங்க ஆள் வர மாதக்கணக்காகும். அதனால் அடுத்த ஐந்து வருடத்துக்குள் தேவைப்படும் பணத்தை, அதாவது பிள்ளையின் கல்லூரிக் கட்டணம், பெண்ணின் கல்யாணச் செலவு, அம்மாவின் ஆஸ்பத்திரிச் செலவு ஆகியவற்றுக்கான பணத்தை, மண்ணில் போடாதீர்கள். நகையை அடகு வைத்து மனை வாங்குவதும் வேண்டாம். வட்டி மாதாமாதம் நிச்சயமாக வரும். மனை விலை ஏறுவதற்கு அப்படி எந்த நிச்சயமும் இல்லை.

2. மனை விலை மட்டும் விலை அல்ல. கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 15 லட்சம் ரூபாய் மனைக்கு இந்த இரண்டுமே 1,35,000 ரூபாய். அரசின் வழிகாட்டி மதிப்பு, நீங்கள் பேசிய விலை, இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கணக்கு. வழிகாட்டி மதிப்பைப் பதிவுத்துறையின் இணையதளத்தில் சர்வே எண்ணையோ தெருப் பெயரையோ போட்டு இலவசமாகப் பார்க்கலாம். பத்து லட்சத்துக்கு உட்பட்ட சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைகிறது. இதற்கு மேல் தரகர் கமிஷன், பத்திர எழுத்தர் கூலி, வக்கீல் கட்டணம், அளவைக் கட்டணம், கம்பி வேலி எல்லாம் இருக்கின்றன. கையிலுள்ள பணத்தில் எட்டில் ஒரு பங்கை இதற்கென்று ஒதுக்கிவிட்டு, மீதிக்குத்தான் மனை தேடுங்கள்.

3. அளவுகளை ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டிவையுங்கள். 1 சென்ட் என்பது 435.6 சதுர அடி. 100 சென்ட் 1 ஏக்கர். 1 கிரவுண்ட் 2,400 சதுர அடி, அதாவது சுமார் ஐந்தரை சென்ட். பட்டாவில் ஹெக்டேர், ஏர் என்று இருக்கும். 1 ஏர் என்றால் 100 சதுர மீட்டர், சுமார் 2.47 சென்ட். பட்டாவில் 0.04.50 என்று பார்த்தால் நாலரை ஏர். அது சுமார் 11 சென்ட். விற்பவர் 12 சென்ட் என்று சொல்லிக்கொண்டிருந்தால் அந்த ஒரு சென்ட் எங்கே என்று அப்போதே கேட்டுவிடலாம்.

4. இடத்தை மூன்று முறை பாருங்கள், வேனில் போகாமல். ஒருமுறை நல்ல மழைக்கு மறுநாள். ஒருமுறை இருட்டிய பிறகு. ஒருமுறை வேலை நாளில், நீங்கள் தினமும் போகவேண்டிய பஸ்ஸில் ஏறி.

மழைக்கு மறுநாள் போவதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் விட்டுவிடாதீர்கள். கோடையில் கட்டாந்தரையாகத் தெரிகிற இடம் ஐப்பசி, கார்த்திகையில் ஏரியின் உள்வாயாக இருக்கும். ஊர்ப் பெயரிலோ பக்கத்துத் தெருப் பெயரிலோ ஏரி, தாங்கல், ஏந்தல், கண்மாய், ஓடை என்று வந்தால் இரண்டு மடங்கு விசாரியுங்கள். சென்னை மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது. அந்தப் பக்கம் பெரிய ஏரி ஒன்று இருந்து, 1920-களில் குடியிருப்புக்காக வற்றவைக்கப்பட்டது. ஆனால் தண்ணீர் தன் வழியை மறப்பதில்லை. 2015 டிசம்பரில் வேளச்சேரியிலும் முடிச்சூரிலும் தெருக்களில் படகு போனது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டித் தாமிரபரணிக் கரை ஊர்கள் மிதந்தன. மனையின் பக்கத்து வீட்டுச் சுவரில் தண்ணீர்க் கோடு இருக்கிறதா பாருங்கள். டீக்கடையில் உட்கார்ந்து, "2015-ல இங்க எதுவரைக்கும் வந்துச்சுண்ணே?" என்று கேளுங்கள். தரகர் சொல்லாததை டீக்கடைக்காரர் சொல்லிவிடுவார். கூடவே பக்கத்து வீட்டில் ஒரு தம்ளர் போர்த் தண்ணீர் வாங்கிக் குடித்துப் பாருங்கள். உப்பா என்பது அங்கேயே தெரிந்துவிடும். எத்தனை அடியில் தண்ணீர் என்றும் கேட்டுவிடுங்கள்.

5. பாதை. மனை அழகாக இருக்கும், அதற்குப் போகிற வழி இன்னொருவரின் பட்டா நிலமாக இருக்கும். இன்று நல்லவராக இருப்பவர் நாளை வேலி போட்டால் நீங்கள் பறந்துதான் போகவேண்டும். பத்திரத்தின் நான்கெல்லையில் ஏதாவது ஒரு பக்கம் "பொதுப் பாதை" அல்லது "மனைப்பிரிவு ரோடு" என்று அடி அகலத்தோடு எழுதப்பட்டிருக்க வேண்டும். புதிய மனைப்பிரிவு என்றால் அந்த ரோடுகளையும் பூங்கா இடத்தையும் ஊராட்சிக்கோ நகராட்சிக்கோ தானப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டார்களா என்று கேட்டு, அந்தப் பத்திரத்தின் நகலையும் வாங்குங்கள்.

6. அங்கீகாரம். சென்னைப் பெருநகரப் பகுதி என்றால் சிஎம்டிஏ, மற்ற இடங்களில் டிடிசிபி என்கிற நகர் ஊரமைப்பு இயக்ககம். "பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கு" என்பது போதவே போதாது. "டிடிசிபிக்கு அப்ளை பண்ணியாச்சு" என்பதும் அங்கீகாரம் அல்ல, விண்ணப்பம்தான். அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்ய 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. அதன் பிறகு வந்த வரன்முறைத் திட்டத்தில் 2016 அக்டோபர் 20 என்பது எல்லைக் கோடு. அந்தத் தேதிக்கு முன் பத்திரமான மனைக்கு வரன்முறை செய்ய வழி இருந்தது. பழைய மனையை மறுவிற்பனையில் வாங்குகிறீர்கள் என்றால் வரன்முறை ஆணையை முதலில் கேளுங்கள்.

500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவோ, எட்டு வீட்டுக்கு மேற்பட்ட அடுக்குமாடியோ புதிதாக விற்பனைக்கு வந்தால் ரெரா எனும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிந்திருக்க வேண்டும். விளம்பரத்திலேயே அந்தப் பதிவு எண் இருக்க வேண்டும். எண்ணை ஆணையத்தின் இணையதளத்தில் போட்டு, வரைபடத்தில் உங்கள் மனை எண் இருக்கிறதா, அது வீட்டு மனையா பூங்கா இடமா என்று நீங்களே பாருங்கள். கால் மணி நேர வேலை.

7. தாய்ப்பத்திரம். இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்கச் சொல்வேன். இன்றைய உரிமையாளருக்கு இந்த நிலம் எப்படி வந்தது, அவருக்குக் கொடுத்தவருக்கு எப்படி வந்தது என்று பின்னோக்கிப் போய்க் குறைந்தது முப்பது வருடமாவது சங்கிலி அறாமல் இருக்கவேண்டும். கிரயம், பாகப்பிரிவினை, தான செட்டில்மென்ட், உயில் என்று ஒவ்வொரு கைமாற்றமும் ஒவ்வொரு வகைப் பத்திரத்தில் நடந்திருக்கும். ஒரு நோட்டில் வருடம், கொடுத்தவர், வாங்கியவர், பத்திர எண், சர்வே எண் என்று ஐந்து கட்டம் போட்டு எழுதுங்கள். எழுதிக்கொண்டே வந்தால் எங்கே ஓட்டை என்று உங்களுக்கே தெரியும்.

பெரும்பாலும் அந்த ஓட்டை ஒரு பெண்ணின் கையெழுத்தாக இருக்கும். அப்பா இறந்ததும் அண்ணன் தம்பிகள் மூவர் மட்டும் சேர்ந்து விற்றிருப்பார்கள். கல்யாணமாகிப் போன தங்கையை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அப்பா சுயமாகச் சம்பாதித்த சொத்தில், அவர் உயில் எழுதாமல் இறந்தால், 1956 முதலே மகளுக்கும் மகனுக்கும் சமப் பங்கு என்பது இந்து வாரிசுரிமைச் சட்டம். பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம உரிமை தர தமிழ்நாடு 1989-ல் சட்டம் திருத்தியது. நாடு முழுவதும் 2005-ல் வந்தது. என் சொந்தத்தில் ஒருவர் வாங்கிய ஆறு சென்ட் மனை இப்படித்தான் ஒன்பது வருடம் நீதிமன்றத்தில் கிடந்தது. வழக்குப் போட்ட அந்த அம்மாவைக் கேட்டபோது, "என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே கையெழுத்துப் போட்டிருப்பேன்" என்றார். அவர் பக்கம் நியாயம் இருந்தது. ஏமாந்தது வாங்கியவர்தான். வாரிசுச் சான்றிதழை வாங்கி, அதிலுள்ள ஒவ்வொரு பெயருக்கும் பத்திரத்தில் கையெழுத்து இருக்கிறதா என்று விரல் வைத்து எண்ணுங்கள். மைனர் பெயர் ஒன்று இருந்தால் வக்கீலைக் கேட்காமல் அடுத்த அடி வைக்காதீர்கள்.

8. வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம். இப்போதைய உட்பிரிவு எண்ணுக்கு மட்டும் போட்டுப் பார்த்தால் போதாது. நிலம் உட்பிரிவு ஆவதற்கு முன்னிருந்த பழைய சர்வே எண்ணுக்கும் போடவேண்டும். சான்றில் வில்லங்கம் இல்லை என்று வந்தாலும், பதிவான பத்திரங்களில் வில்லங்கம் இல்லை என்றுதான் பொருள். பதியாத உயிலோ, ஒரிஜினல் பத்திரத்தைத் தனியாரிடம் கொடுத்துக் கைமாற்றாக வாங்கிய கடனோ அதில் தெரியாது. அதனால் ஒரிஜினலைக் கண்ணால் பார்க்காமல் அட்வான்ஸ் கிடையாது. "பீரோவில் இருக்கிறது, ரெஜிஸ்ட்ரேஷன் அன்று எடுத்து வருகிறேன்" என்றால், பீரோவைத் திறக்கும் நாளில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

9. பட்டாவில் விற்பவரின் பெயர் இருக்கவேண்டும். இறந்துபோன தாத்தா பெயரில் இருந்தால் மாற்றிக்கொண்டு வரச் சொல்லுங்கள். கூட்டுப் பட்டா என்றால் மற்றவர்களின் பாகம் எங்கே என்று கேளுங்கள். புல வரைபடத்தையும் சேர்த்து எடுங்கள். நகரத்தில் என்றால் நகர நில அளவைப் பதிவேட்டு நகல். பட்டா மட்டுமே உரிமைக்கு முழு ஆதாரம் ஆகிவிடாது. ஆனால் பட்டாவும் பத்திரமும் வேறு வேறு பெயர் சொன்னால் அங்கே ஏதோ சிக்கல் இருக்கிறது.

எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடக்கூடாத நிலங்கள் உண்டு. நீர்நிலைப் புறம்போக்கு, மேய்க்கால், கோயில் நிலம், வக்ஃபு நிலம், பூமிதான நிலம், நில உச்சவரம்பில் அரசு எடுத்த நிலம். பஞ்சமி நிலத்தைத் தனியாகச் சொல்லவேண்டும். 1892 முதல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று அரசு ஒப்படைத்த நிலம் அது. அதை மற்றவர்களுக்கு விற்றால் விற்பனை செல்லாது, அது அந்த மக்களிடம் இருக்கவேண்டிய நிலம். கிராம நிர்வாக அலுவலரிடம் "அ" பதிவேட்டில் நிலத்தின் வகை என்ன என்று கேட்டால் தெரிந்துவிடும்.

10. பவர் ஏஜென்ட் விற்கிறார் என்றால், பவர் கொடுத்தவரை நேரில் பாருங்கள். வெளியூரில் இருந்தால் வீடியோ காலிலாவது பேசுங்கள். பவர் கொடுத்தவர் இறந்துவிட்டால் பொதுவாக அந்தப் பவரும் அன்றோடு முடிந்தது. அதற்குப் பின் எழுதும் கிரயம் உங்களைக் காப்பாற்றாது. பவரை ரத்து செய்திருக்கிறார்களா என்பதும் வில்லங்கத்தில் வரும், பாருங்கள். பவர் பத்திரத்தையே கிரயம் மாதிரி எழுதிக் கொடுத்து, "இதுவே போதும், செலவு மிச்சம்" என்பவர்களிடம் விலகி நில்லுங்கள். அப்படி எழுதினால் சொத்து கைமாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே சொல்லிவிட்டது.

11. சர்வேயரை வைத்து அளந்து கல் நடச் சொல்லுங்கள். அளக்கும்போது நீங்களும் கூட நில்லுங்கள், பக்கத்து நிலக்காரருக்கும் சொல்லி அனுப்புங்கள். பத்திரத்தில் 30-க்கு 40 என்று இருந்த ஒரு மனை நேரில் 30-க்கு 37 வந்ததை நான் பார்த்திருக்கிறேன். மூன்றடி பக்கத்துச் சுவருக்குள் போயிருந்தது. 90 சதுர அடி. பதிவுக்கு முன் தெரிந்ததால் விலையில் கழித்துக்கொண்டார்கள்.

12. வக்கீலை நீங்கள் தேடுங்கள். விற்பவர் கைகாட்டும் வக்கீல் வேண்டாம். சில ஆயிரம் ரூபாயில் எழுத்தில் சட்டக் கருத்து வாங்கிவிடலாம். கடன் தேவையில்லை என்றாலும் ஒரு வங்கியில் போய், இந்த மனைக்குக் கடன் தருவீர்களா என்று கேட்டுப் பாருங்கள். தயங்கினால் ஏன் என்று கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.

13. இத்தனையும் பார்த்த பிறகுதான் அட்வான்ஸ். மனை விற்பனையில் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கக்கூடாது என்பது 2015 முதல் வருமான வரிச் சட்டம். பணத்தை வாங்கியவருக்கு அதே அளவு அபராதம் விழும். காசோலையோ வங்கிப் பரிமாற்றமோ இருந்தால் உங்கள் கையில் சாட்சியும் இருக்கும். கிரய ஒப்பந்தத்தில் மொத்த விலை, கொடுத்தது, மீதி, கெடு, ஆவணம் சரியில்லாவிட்டால் எத்தனை நாளில் பணம் திரும்ப வரும் என்ற ஐந்தும் இருக்கவேண்டும். அதைப் பதிவும் செய்யுங்கள்.

14. "பத்திரத்தில் குறைத்துப் போடலாம்" என்ற பேச்சு எல்லா மனை வியாபாரத்திலும் வரும். ஒத்துக்கொள்ளாதீர்கள். வங்கிக் கடன் பத்திர விலைக்குத்தான் வரும். நாளை நீங்கள் விற்கும்போது லாபமும் அந்தக் குறைந்த விலையிலிருந்துதான் கணக்காகும். 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் லாபத்துக்கு 12.5 சதவீதம் வரி. 15 லட்சத்துக்கு வாங்கியதை 8 லட்சம் என்று போட்டால், கையில் வராத 7 லட்சம் லாபத்துக்கும் நீங்கள் வரி கட்டவேண்டியிருக்கும். வாங்கும் சொத்தின் மதிப்பு 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் 1 சதவீதம் பிடித்து அரசுக்குக் கட்டுவது வாங்குபவர் பொறுப்பு என்பதையும் நினைவில் வையுங்கள்.

15. வாடகை வருமானம்தான் குறி என்றால் மனைக்குப் பதில் சிறிய ஃப்ளாட் பார்க்கலாம். கணக்கை மட்டும் முதலில் போடுங்கள். 25 லட்சம் ரூபாய் ஃப்ளாட்டுக்கு மாதம் 8,000 வாடகை வந்தால் வருடம் 96,000. அது நாலு சதவீதத்துக்கும் குறைவு. அதிலும் பராமரிப்பு, சொத்து வரி, வீடு காலியாகக் கிடக்கும் மாதங்கள் போகும். வீட்டுக் கடன் வட்டி இதைவிட அதிகம். எனவே முழுக் கடனில் வாங்கி வாடகையில் தவணை கட்டிவிடலாம் என்ற கணக்கு நம் ஊரில் நிற்காது. ஃப்ளாட்டில் பார்க்கவேண்டியது பிரிபடாத பாக நிலம் எத்தனை சதுர அடி என்பது. கட்டடம் பழசாகும், விலை ஏறுவது அந்த நிலத்துக்குத்தான். "சூப்பர் பில்ட் அப்" அளவைத் தள்ளிவிட்டு, உள்ளே கால் வைத்து நடக்கிற கார்ப்பெட் ஏரியாவுக்கு என்ன விலை விழுகிறது என்று வகுத்துப் பாருங்கள்.

16. கையில் சில ஆயிரங்கள்தான் இருக்கின்றன என்பவர்களுக்கும் ஒரு வழி உண்டு. ரீட் எனப்படும் ரியல் எஸ்டேட் முதலீட்டு அறக்கட்டளைகள், அலுவலகக் கட்டடங்களையும் வணிக வளாகங்களையும் வைத்து வாடகை வாங்கி, பகிரக்கூடிய பணத்தில் 90 சதவீதத்தையாவது யூனிட் வைத்திருப்பவர்களுக்குப் பிரித்துத் தரவேண்டும் என்பது பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் விதி. இந்தியாவில் முதலாவது 2019-ல் பங்குச் சந்தைக்கு வந்தது. டீமேட் கணக்கு இருந்தால் ஒரு யூனிட்கூட வாங்கலாம். சந்தையில் விலை ஏறும், இறங்கும். ஆனால் வேலி போட வேண்டாம், பாகஸ்தர் வழக்கு இல்லை, தேவைப்படும்போது விற்கவும் முடியும். மனைக்குச் சேர்க்கும் காலத்தில் சிறிய தொகையில் இதைப் பழகிப் பாருங்கள்.

17. பதிவு நாளுக்கு இரண்டு நாள் முன்பே பத்திர வரைவை வாங்கி வீட்டில் சத்தமாக வாசியுங்கள். ஒருவர் வாசிக்க, இன்னொருவர் தாய்ப்பத்திரத்தோடு ஒப்பிடவேண்டும். இனிஷியல், சர்வே எண், உட்பிரிவு, நான்கெல்லை, அளவு, மனை எண். ஓர் எண் மாறினால் பிறகு பிழைதிருத்தல் பத்திரம் எழுத விற்றவரைத் தேடி அலையவேண்டும். மீதிப் பணத்தை வங்கி வரைவோலையாகச் சார் பதிவாளர் அலுவலகத்தில் கொடுங்கள். ஒரிஜினல் தாய்ப்பத்திரத்தை அங்கேயே கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

18. பதிவு முடிந்ததும் பலர் மறந்துவிடுவது பட்டா மாற்றம். உட்பிரிவு செய்யவேண்டியிருந்தால் அளந்து முடிக்க நாளாகும், விடாமல் கேளுங்கள். மனையைச் சுற்றிக் கல்லும் கம்பியும் போட்டு, பெயர்ப் பலகை ஒன்று வையுங்கள். பிறர் உங்கள் நிலத்தில் உங்களுக்கு எதிராகப் பன்னிரண்டு வருடம் தொடர்ந்து, எல்லோரும் அறிய அனுபவித்தால் நீங்கள் உரிமையையே இழக்க நேரலாம். எங்கள் அப்பா 1991-ல் வாங்கிய மனைக்கு வருடா வருடம் பொங்கல் லீவில் எங்களைக் கூட்டிப்போவார். முள்ளை வெட்டி, நான்கு கல்லுக்கும் சுண்ணாம்பு அடித்துவிட்டு, பக்கத்து வீட்டுப் பெரியம்மாவிடம் வாழைப்பழச் சீப்பு ஒன்றைக் கொடுத்துவிட்டு வருவோம். ஒரு முறை யாரோ ஜல்லி கொட்டியபோது, மறுநாளே கடிதம் போட்டுச் சொன்னவர் அந்தப் பெரியம்மாதான்.

19. பத்திரத்தை லேமினேட் செய்யாதீர்கள். முத்திரையும் கையெழுத்தும் பின்னால் சரிபார்க்க முடியாமல் போகும். துணிப் பையிலோ நல்ல கோப்பிலோ வைத்து, எல்லாப் பக்கத்தையும் ஸ்கேன் செய்து இரண்டு இடத்தில் சேமியுங்கள். வருடம் ஒருமுறை உங்கள் சர்வே எண்ணுக்கு வில்லங்கம் போட்டுப் பாருங்கள். வேறு யாராவது உங்கள் மனையை வைத்துப் பத்திரம் போட்டிருந்தால் அதில் வந்துவிடும். பத்திரம் எந்த அலமாரியில், எந்தக் கோப்பில் இருக்கிறது என்பதை மனைவியிடமோ கணவரிடமோ பிள்ளைகளிடமோ சொல்லி, ஒருமுறை அவர்களே எடுத்துப் பார்க்கும்படி செய்யுங்கள்.